கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதும் தோட்டத்து வரம்பில் கிடப்பதும்

கடந்த தவணையில் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றின் ஏழாந்தரப் பிள்ளைகளுடன் யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்குச் சென்றுவரும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், மூன்று ஆசிரியைகள், பெற்றோர் சார்பில் இரண்டு தாய்மார், வாடகைக்குப் பிடித்த ஒரு பஸ். பஸ் காசு கொடுக்க இயலாத ஆறு பிள்ளைகளின் பங்கை யார் போட்டார்கள் என்பதை வகுப்பாசிரியை சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த ஆறு பேரும் 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் என்பதை மட்டும் பின்னர் அறிந்துகொண்டோம்.

நூதனசாலை வாசலில் பழைய பீரங்கிகளும் திமிங்கிலத்தின் எலும்புகளும் இருக்கின்றன. பெடியன்கள் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. பீரங்கிக் குழாய்க்குள் கை விடுவதும் ஆசிரியை அதட்டுவதுமாகக் கால்மணி நேரம் கழிந்தது. உள்ளே பல்லக்கு, கந்தரோடையிற் கிடைத்த புத்தர் சிலைகளின் பகுதிகள், மட்பாண்டங்கள் என்று பார்ப்பதற்கு நிறையவே உண்டு. ஆனால் பிள்ளைகளின் கையிற் கொப்பியும் பேனையும் கொடுத்து, பெயர்ப்பலகையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதிவரும்படி சொல்லப்பட்டிருந்தது. எழுதுகிற பிள்ளைக்குப் பொருளைப் பார்க்க நேரமேது? பலகையைப் பார்த்தார்கள், கொப்பியைப் பார்த்தார்கள், அடுத்த பலகைக்குப் போனார்கள். எமது பாடசாலைச் சுற்றுலாக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன என்பதைக் கல்வியோடு தொடர்புடைய எவரும் மறுக்கமாட்டார்கள்.

ஒரு பெண்பிள்ளை மட்டும் எழுதவில்லை. மட்பாண்டத் துண்டுகள் வைத்த பெட்டியின் முன்னால் நெடுநேரம் நின்றவள் திடீரென்று, "ரீச்சர், உது எங்கடை தோட்டத்திலையும் கிடக்குது" என்றாள். ஆசிரியை திரும்பிப் பார்க்குமுன்பே, கூட வந்த தாய்மாரில் ஒருவர் அவளின் தோளைப் பிடித்து, "சும்மா இரு பிள்ளை. எங்கடை தோட்டத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார். அவர் அந்தப் பிள்ளையின் பெரியம்மா. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு கொப்பியை விரித்தாள்.

அன்று பின்னேரம் பஸ்ஸால் இறங்கிய பின்னர் பெரியம்மாவுடன் சிறிது நேரம் கதைத்தோம். சொல்லத் தயங்கினார். பெயர் போடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பின்னரே சொன்னார். கந்தரோடைப் பக்கமாக எட்டுப் பரப்புத் தோட்டக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் செய்கிறார்கள். கொத்தும்போது ஓட்டுத் துண்டுகள் வரும். வெங்காயம் நடும்போது காலைக் கிழிக்கும் என்பதற்காக அவற்றைப் பொறுக்கி வரம்பிலே குவிப்பதுதான் பிள்ளையின் வேலை. அதனால்தான் பெட்டிக்குள் இருந்ததை அவள் கண்டவுடன் அடையாளம் கண்டுகொண்டாள்.

"உண்மைதான் ஐயா, கிடக்குது. ஆனால் அது எங்கடை காணியில்லை, குத்தகைக் காணி. பழைய சாமான் கிடக்குதெண்டு கதை வெளியிலை போனால் ஆரும் வந்து கட்டையைப் போட்டு எல்லை போட்டிடுவினம். காணிக்காரர் எங்களைத்தான் ஏசுவார். ஒருக்காக் காணியை விட்டிட்டு வந்து முப்பத்தைஞ்சு வருசமாச்சுது. இன்னொருக்கா எங்களாலை ஏலாது."

இந்தப் பதிலை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அப்படி எண்ணவில்லை. ஒரு கட்டை நாட்டப்பட்டால் அதன் பிறகு என்ன நடக்கும் என்பதை இந்நாட்டில் இடம்பெயர்ந்த கமக்காரரைப்போல் அறிந்தவர்கள் வேறு எவருமில்லை. வலிகாமம் வடக்குக் காணிகள் யுத்தம் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதிலும் ஒரு பகுதி இன்னமும் விடுவிக்கப்படவில்லை. பெரியம்மாவின் குடும்பத்துக் காணி அந்தப் பகுதிக்குள்ளேதான் இருக்கிறது. உறுதி கையில் உண்டு, காணி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமே இன்றுவரை அடிப்படைச் சட்டமாக உள்ளது. மண்ணுக்குள் இன்னமும் கண்டுபிடிக்கப்படாமலிருக்கும் தொல்பொருட்கள் அரசுக்கு உரியன என்றும், தொல்பொருளைக் கண்டெடுப்பவர் அதனை அறிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. இதில் தவறு காண்பதற்கில்லை. பழைய பொருட்களைத் தனியார் தோண்டி விற்காமல் தடுப்பதற்கு உலகின் பல நாடுகளிலும் இத்தகைய சட்டங்கள் உண்டு. எமது கேள்வி வேறு. அறிவிக்கிற கமக்காரரின் பயிருக்கும் குத்தகைக்கும் யார் பொறுப்பு? சாதாரண கமக்காரருக்கு விளங்கும் தமிழில், அவருடைய வீட்டு வாசலில் வந்து, இதற்கு விடை சொன்னவர்களை நாம் இதுவரை சந்திக்கவில்லை.

விடை இல்லாத இடத்தில் வதந்தி வளரும். வதந்தி என்று முழுவதும் சொல்லவும் முடியாது. முல்லைத்தீவு மாவட்டத்தில் குருந்தூர்மலையை அண்டிய தண்ணிமுறிப்பிலிருந்து 1984 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த குடும்பங்கள், மீளத் திரும்பிய பின்னர் தமது வயல் நிலங்கள் தொல்பொருள் எல்லைக்குள் அடக்கப்பட்டுவிட்டன என்று தொடர்ந்து முறையிட்டு வருகின்றன. 2020 யூன் மாதத்தில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக வாழும் அம்மாகாணத்துக்கான செயலணியில் அச்சமூகங்களைச் சேர்ந்த ஒருவர்கூட இடம்பெறவில்லை. இவற்றைப் பத்திரிகையிற் படித்த குடும்பம், தன் தோட்டத்தில் கிடக்கும் ஓட்டை மண்போட்டு மூடுவதை நாம் எந்த வாயால் கண்டிப்பது?

ஆயினும் மூடிவிடுவதால் நாம் இழப்பது என்ன என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

அந்தப் பிள்ளை கண்ட ஓட்டைத் தொல்லியலாளர் கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் என்பார்கள். உட்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பானையைக் கவிழ்த்துவைத்துச் சுட்டால், காற்றுப்படும் வெளிப்பக்கம் சிவக்கும். காற்றில்லாத உட்பக்கமும் புதைந்திருந்த விளிம்பும் கறுக்கும். நிறம் பூசப்பட்டதல்ல, சூளையின் வேலை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இரும்பை முதன்முதலிற் பயன்படுத்திய மக்களின் குடியிருப்புகளிலும் ஈமக்காடுகளிலும் இத்தகைய பாண்டங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. அதாவது, பிள்ளையின் காலைக் கிழித்துவிடும் என்று பொறுக்கி எறிந்த துண்டு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அதே மண்ணில் சமைத்துச் சாப்பிட்ட ஒரு குடும்பத்தின் பானையாக இருக்கக்கூடும்.

கந்தரோடையில் போல் பீரிஸ் என்ற அறிஞர் 1917 ஆம் ஆண்டளவில் ஆய்வு செய்து, உரோம நாணயங்கள் உட்படப் பல பொருட்களை வெளிக்கொணர்ந்தார். 1970 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் அங்கு அகழ்ந்தார்கள். முருகைக்கல்லால் ஆன சிறு தூபிகள் நெருங்கி நிற்கும் அந்த வளவைக் காண இன்று நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருகிறார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்தான் போவதில்லை. அது எமக்குரியதல்ல என்ற எண்ணம் எப்படியோ ஊறிவிட்டது. கந்தரோடைப் புத்தர் சிலையைக் கண்டு எமது பிள்ளைகள் கூசவோ அஞ்சவோ வேண்டியதில்லை. பழங்காலத்தில் தமிழரிடையேயும் பௌத்தம் வாழ்ந்தது. மணிமேகலை என்ற பௌத்த காப்பியம் தமிழிலேதான் எழுந்தது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், ஒரு சிலையைக் காட்டி "இது உன் மண் அல்ல" என்று எவரேனும் சொல்லும்போது அவளிடம் மறுமொழி இராது.

ஆனைக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். வேறிடத்தை நிரப்புவதற்காக மண் வெட்டி ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில்தான் பழைய ஈமக்காடு தென்பட்டது. 1980 இன் இறுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் விரைந்து சென்று அகழ்ந்தார்கள். மனித எலும்புக்கூடு, அதனோடு வைக்கப்பட்ட பாண்டங்கள், பிராமி எழுத்துப் பொறித்த ஒரு சிறு முத்திரை என்பன கிடைத்தன. கைவிரல் நகமளவான அந்த முத்திரையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் கொஞ்சமல்ல. மண் ஏற்றிய வண்டிகளிற் போனது எவ்வளவு என்பதை யார் கணக்கெடுப்பது? 2024 ஆம் ஆண்டில் மீண்டும் அங்கு அகழ்வாய்வு நடைபெற்றது.

இங்கே எமது பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேட்டுக் காணி மண்ணை ரிப்பர் கணக்கில் விற்பவர்களில் எம்மவர்களும் உண்டு. புதையல் இருக்கிறதென்று சாத்திரியார் சொன்னதைக் கேட்டு இரவிரவாகக் கிடங்கு கிண்டியவர்களும் உண்டு. பழைய பானைக்குள் பொன் இருப்பதாக நினைத்து உடைத்துப் பார்த்துவிட்டு, சாம்பலும் எலும்பும்தான் என்று ஏமாந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்ன ஒருவரை நாம் அறிவோம். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்ணைப் பற்றிக் கமக்காரருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மேல்மண் எது, அடிமண் எது, எந்த ஆழத்தில் கல் வரும் என்பதெல்லாம் மண்வெட்டி பிடித்த கைக்குத் தெரியும். தொல்லியலாளரின் வேலையும் பெரும்பாலும் அதுவே. எந்தப் படையில், எதற்குப் பக்கத்தில், எந்தப் பொருள் கிடந்தது என்பதைக் கொண்டே அவர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். ஓட்டைப் பெயர்த்து வரம்பில் எறிந்த பின்னர், அது பாதி ஊமையாகிவிடுகிறது. இதைப் பதினைந்து நிமிடத்தில் ஒரு தோட்டக் கிணற்றின் வெட்டுமுகத்தைக் காட்டியே பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தலாம். கண்ணாடிப் பெட்டியைக் காட்டி விளங்கப்படுத்துவது கடினம்.

அகழ்வாய்வு என்றால் அரசர்களும் கோயில்களும் விகாரைகளும் மட்டுமே என்ற நினைப்பும் எம்மிடம் உண்டு. மன்னார் மாவட்டத்து மாந்தையை உதாரணமாகச் சொல்லலாம். திருக்கேதீச்சரத்தை அண்டிய அந்தப் பழைய துறைமுகத்தில் 1980 இல் தொடங்கிய அகழ்வு யுத்தத்தால் 1984 இல் நின்றுபோயிற்று. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் அங்கு அகழ்ந்தார்கள். அப்போது மண்ணை நீரிற் கரைத்து அரித்து, அதில் மிதந்த கருகிய தானியங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 2018 இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, மாந்தை மக்களின் முதன்மைத் தானியம் நெல். மிளகும் கிடைத்தது, மிகத் தொலைவிலிருந்து கடல் வழியே வந்த கராம்பும் ஒன்று கிடைத்தது. கப்பல் வந்த துறைமுகத்தின் கதையில் மிகுதியாகக் கிடைத்த சாட்சி, எவரோ ஒரு கமக்காரர் விளைவித்து, அடுப்பங்கரையிற் கருகிப்போன நெல்மணிதான். இந்தச் செய்தியை நாம் சொன்னபோது பெரியம்மா முதன்முறையாகச் சிரித்தார். "அப்ப அந்தக் காலத்திலையும் சோறு அடிப்பிடிச்சிருக்குது" என்றார்.

இன்னொரு விடயம் எமது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேற்சொன்ன கட்டளைச் சட்டம் பழமைக்கு ஓர் எல்லைத் தேதி வைத்திருக்கிறது. 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். அதற்கு முற்பட்டவையே பொதுவாகச் சட்டத்தின் கண்ணில் தொல்பொருட்கள். நாட்டுக்கு ஒரு தேதி வேண்டும்தான். ஆனால் எமது குடும்பங்களுக்கு எல்லைத் தேதி வேறு. 1990 யூன் மாதத்துக்கு முன்னர், பின்னர் என்றே எமது ஆச்சிமார் இன்றும் கதை சொல்கிறார்கள். அந்தத் தேதிக்கு முற்பட்ட பொருட்களில் எத்தனை எம்மிடம் மிஞ்சியிருக்கின்றன? உறுதிப் பெட்டியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உரலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. கலப்பை, நுகம், திருகை, ஆட்டுக்கல், பெட்டகம் எல்லாம் அங்கேயே நின்றன. காணி விடுபட்டபோது போய்ப் பார்த்தவர்கள் பலருக்கு வீட்டின் அத்திவாரமே அகப்படவில்லை. கிணற்றை வைத்துத்தான் வளவை மட்டுப்பிடித்தார்கள்.

அன்று திரும்பும்போது பஸ்ஸுக்குள் பிள்ளைகளிடம் துலா என்றால் என்னவென்று கேட்டுப்பார்த்தோம். முப்பத்தெட்டுப் பேரில் நான்கு பேர் கை உயர்த்தினார்கள். அதில் ஒருவன் அது ஒரு இராசி என்றான். ஆடுகாலில் ஏற்றிய நீண்ட மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் ஒருவர் பட்டை பிடித்து இறைக்க, வாய்க்காலில் ஒருவர் தண்ணீர் மாற, விடியப்புறத்தில் தொடங்கி வெயில் ஏறுமுன் தோட்டம் இறைத்து முடித்த வரலாறு அந்தப் பிள்ளைகளின் பூட்டன்மாருடையது. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் இறைக்கும் இயந்திரம் ஓய்ந்தபோது மறுபடி துலா நாட்டியவர்களையும் நாம் அறிவோம். துலாவை மிதித்தவர்களில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் சிலரே இன்று எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை எந்தச் சட்டமும் பாதுகாக்கப்போவதில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேரப்பிள்ளையும் போதும். நூதனசாலையில் பலகை பார்த்து எழுதிய அதே கொப்பியிலே அப்புவின் வாயாற் கேட்டதையும் எழுதலாம்.

எனவே நாம் கேட்பது இதுதான். சுற்றுலா நூதனசாலையிற் தொடங்கக் கூடாது. பிள்ளையின் சொந்த மண்ணிலே தொடங்கி, நூதனசாலைக்குப் போய், மறுபடி மண்ணுக்கு வரவேண்டும். அதற்குத் தடையாக நிற்பது பெற்றோரின் பயம். அந்தப் பயத்தைப் போக்கவேண்டியது பெற்றோரின் கடமையல்ல. தொல்பொருள் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் கமக்காரர் அமைப்புகளை அழைத்து, பொருளொன்று கிடைத்தால் பயிர்செய்கை எவ்வளவு காலம் நிறுத்தப்படும், நட்டஈடு உண்டா, குத்தகைக்காரரின் நிலை என்ன என்பவற்றைத் தமிழில் எழுத்திலே தரவேண்டும். எல்லை போடுவதற்கு முன்னர் அந்த மண்ணை உழுபவரிடம் கேட்கவேண்டும். உறுதிக்காரரிடம் மட்டும் கேட்டாற் போதாது. இடம்பெயர்ந்த குடும்பங்களிற் பல குத்தகைக் காணியிலேயே சீவிக்கின்றன என்பதை அலுவலர்கள் அறியாதவர்களல்லர்.

அதுவரை எமது குடும்பங்கள் சில காரியங்களைச் செய்துவைக்கலாம். உறுதி, குத்தகைப் பத்திரம், பயிர்செய்கைப் பதிவு என்பவற்றின் பிரதிகளை ஒரே இடத்தில் பத்திரப்படுத்துங்கள்; குத்தகை வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் அதை எழுத்தில் ஆக்கிக்கொள்ளுங்கள். முழுப் பானையோ எலும்போ எழுத்துள்ள கல்லோ தென்பட்டால் பெயர்க்கவும் கழுவவும் வேண்டாம். கிடந்தபடியே கைத்தொலைபேசியில் படம் எடுத்து, திகதியையும் இடத்தையும் எழுதிவைத்து, கிராம அலுவலருக்கு எழுத்து மூலம் அறிவித்து, ஒரு பிரதியிற் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகாமல் கமக்காரர் அமைப்புடன் சேர்ந்து போவது நல்லது. கூட்டமாக அறிவித்த குடும்பத்தைத் தனியாக ஏய்ப்பது கடினம்.

இக்கட்டுரையை எழுதுமுன் வகுப்பாசிரியையிடம் எமது எண்ணத்தைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. பலகையைப் பார்த்து எழுதச் சொன்னது தவறுதான், ஆனால் கொப்பியில் ஒன்றும் இல்லாமல் திரும்பினால் மேலிடத்துக்குக் காட்ட எதுவுமில்லை என்றார். அதுவும் நியாயமே. அடுத்த தவணையில் பிள்ளைகளைக் கந்தரோடைக்குக் கூட்டிப்போக யோசித்திருக்கிறார். நடந்தே போகலாம், பஸ் காசு தேவையில்லை. பெரியம்மாவும் பிள்ளைகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தோட்டத்து வரம்பைக் காட்டுவாரா என்று நாம் கேட்டதற்கு, காணிக்காரரிடம் கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றார்.